செங்கல் மாமா சொல்லாத பக்கம்

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கழுத்து வலி குறைந்ததா? அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான் எழுதுவதே அம்மாவுக்குத் தெரியாது. நானாகத்தான் கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களும் மேல்மாடித் தையல் அக்கா பேருக்கு வந்து சேர்ந்தன. தைத்த சட்டைகளுக்கு நடுவில் வைத்து அக்கா என்னிடம் கொடுத்தார். பரீட்சை முடியும்வரை உங்கள் புத்தகம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "அது கதைப் புத்தகம் இல்லப்பா, எல்லாம் உண்மை" என்றேன். "உண்மையை வெச்சு ரொட்டி சுட முடியுமா? போய்க் கணக்கைப் போடு" என்றார்.

அதனால் ராத்திரியில்தான் வாசிக்கிறேன். கீழே பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் ஓடும்வரை அப்பா மேலே வரமாட்டார். சத்தம் நின்றால் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

எங்கே கொட்டாவி வந்தது என்று எழுதச் சொன்னீர்கள். கோபப்படாதீர்கள். நாலாம் பக்கத்திலேயே வந்துவிட்டது. 'வீடு எப்படி நிற்கிறது?' என்று தலைப்பு வைத்துவிட்டு, வீடு நம் வாழ்வில் எவ்வளவு முக்கியம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியும். வீட்டில்தானே இருக்கிறோம்? அப்புறம் அந்தப் பேசும் செங்கல். 'ஹா ஹா, நான்தான் செங்கல் மாமா!' என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் சொன்னால் யாருக்கு வெட்கமாக இருக்கும், சொல்லுங்கள்.

கடையைப் பெரிதாக்குகிறார்கள். அதைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் நான் ஒன்றும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
சுண்டு


ஜூன் 27

என் சுண்டுவுக்கு,

கழுத்து வலி கழுத்தோடு இருக்கிறது. நீ கேட்டதே போதும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு நாலாம் பக்கத்தை எடுத்துப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். செங்கல் மாமாவை மட்டும் அடிக்க முடியாது. அவர் பதிப்பாசிரியர் அம்மாவின் செல்லப் பிள்ளை. 'பிள்ளைகளுக்கு உண்மையை அப்படியே கொடுத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும், நடுவில் ஒரு சிரிப்பு வேண்டும்' என்பது அந்த அம்மாவின் கட்சி.

அண்ணன் கடை விஷயத்தை ஒளித்து வைப்பது எனக்குப் புதிதா என்ன? திறப்பு நாளன்று திடீரென்று கூப்பிட்டு, 'நீ வரல்லைன்னா உன்கிட்ட பேசவே மாட்டேன்' என்பார். நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். பாரம் எப்படிக் கூரையிலிருந்து தரைக்கு இறங்குகிறது என்பது பற்றி. பொறியாளர் ஒருவரைக் கேட்டுத்தான் எழுதினேன். எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. இருட்டில் வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை


ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மூன்றாம் அத்தியாயத்தில் கொட்டாவி வரவில்லை. ஆனால் ஓர் இடத்தில் கோபம் வந்தது. 'சில சுவர்கள் அறையைப் பிரிப்பதற்கு மட்டும். சில சுவர்கள் மேலே இருப்பதையெல்லாம் தாங்குகின்றன' என்று எழுதிவிட்டு, உடனே அரண்மனைத் தூண்களுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அரண்மனை வேண்டாம். என் வீட்டில் எந்தச் சுவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசிக்கிறவளை எழுந்து போய்ச் சுவரைத் தொட வைக்க வேண்டாமா?

நான் எழுந்து போய்த் தட்டிப் பார்த்தேன். குளியலறைச் சுவர் 'டொப் டொப்' என்றது. மற்றதெல்லாம் ஒரே மாதிரி கல்லுப் போல இருந்தது. தட்டிக் கண்டுபிடிக்க முடியாது போலிருக்கிறது. அப்புறம் வேறொன்று தோன்றியது. கீழே ஒரு சுவர் இருந்து, அதற்கு நேர் மேலே மாடியிலும் சுவர், அதற்கு மேலேயும் சுவர் என்று இருந்தால், கீழே இருக்கிறதுதானே எல்லாவற்றையும் தாங்குகிறது? இது சரியா? சரியென்றால் அதைப் புத்தகத்தில் போடுங்கள். எல்லோரும் தங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கேள்வி. அந்தச் சுவரை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் ஒன்றைக் குறுக்கே வைத்தால் போதுமா? ஒரு கொத்தனார், "இதுக்கு மேல யானையே நிக்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொன்னால் நம்பலாமா? சும்மா, புத்தகத்துக்காகத்தான் கேட்கிறேன். வாசிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள்.

மிஷின் நின்றுவிட்டது. வணக்கம்.

சுண்டு


ஜூலை 30

சுண்டுக் கண்ணே,

இரண்டு வாரமாகக் காய்ச்சல், அதற்குப் பின் வேலை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எழுந்து போய்த் தட்டினாயா! எத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு பிள்ளையை நாற்காலியை விட்டு எழுப்பியது இதுவே முதல் தடவை. உன் கடிதத்தைப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மேலே சுவர், கீழே சுவர் என்று நீ சொன்னது சரிதான். பொறியாளரே தலையாட்டினார். அரண்மனையைத் தூக்கிவிட்டு அதைப் போட்டாயிற்று. யானைக் கொத்தனாரும் பிரமாதம்! எங்கே பிடித்தாய் அந்த ஆளை? அவரைச் செங்கல் மாமாவோடு சண்டை போட விடலாமா என்று யோசிக்கிறோம்.

விரிசல்கள் பற்றிய ஐந்தாம் அத்தியாயம் இதோடு. கடைசியில் ஒரு செய்முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டைப் பசையால் ஒட்ட வேண்டும். சில வாரம் கழித்துப் பார்த்தால், காகிதம் முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது, கிழிந்தால் விழித்திருக்கிறது. இது பிடிக்கும் உனக்கு.

அத்தை


ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் காய்ச்சல் விட்டதா? வெந்நீர் குடியுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். 'பெரும்பாலான விரிசல்கள் பூச்சு காய்வதால் வருபவை, நம் உதடு வெடிப்பதைப் போல' என்ற வரியை மூன்று தடவை வாசித்தேன். செங்கல் மாமா 'பயப்படாதீங்க குட்டீஸ்!' என்று சொல்வதைக் கூட அன்றைக்குத் திட்டவில்லை.

காலையில் மறுபடி படத்தைப் பார்த்தேன். படத்தில் இருக்கும் விரிசல் முடி மாதிரி, நேராகக் கீழே இறங்குகிறது. எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவள் அறையில் இருக்கும் விரிசல் அப்படி இல்லை. கதவு மூலையில் ஆரம்பித்து, ஒரு செங்கல் பக்கவாட்டில், ஒரு செங்கல் மேலே என்று படிக்கட்டு மாதிரிச் சாய்வாக ஏறுகிறது. கதவும் மூடமாட்டேன் என்கிறது. அவள் அப்பா கதவின் மேல் விளிம்பை இழைத்துவிட்டார். கொஞ்ச நாளில் மறுபடி மாட்டிக்கொண்டது. மறுபடி இழைத்தார். "மழைக்கு மரம் உப்பிருக்கு" என்றார். இங்கே இன்னும் மழையே வரவில்லை.

படத்தில் இல்லாத விரிசலைப் பற்றி உங்கள் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி விட்டுவிட்டால், வாசிப்பவள் தன்னுடையதும் படத்தில் இருப்பது மாதிரிதான் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். அதனால்.

ரொட்டி சுற்றும் மெல்லிய காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறேன். அவள் ஒட்டியிருக்கிறாள்.

சுண்டு


ஆகஸ்ட் 25

அன்புச் சுண்டுவுக்கு,

எல்லோரும் நலமா? புத்தகம் அச்சுக்குப் போகும் நேரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ பெரிய ஆள். சரியான ஓட்டையில் விரலை விட்டிருக்கிறாய். சாய்வாக, படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் பற்றியும், மூட மறுக்கும் கதவு பற்றியும் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் அம்மா, 'இதைப் படிச்சா பிள்ளைங்க ராத்திரி தூங்காதுங்க' என்று எடுத்துவிட்டார். அந்த இடத்தில்தான் 'பயப்படாதீங்க குட்டீஸ்' வந்தது. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது, நானும் தலையாட்டிவிட்டேன். புத்தகம் விற்க வேண்டுமே.

உன் தோழியிடம் சொல், அவள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது அழைத்துக் காட்டட்டும். பயப்பட ஒன்றும் இருக்காது. எந்த மாடி அவர்களுக்கு? கீழே என்ன இருக்கிறது?

பரீட்சைக்குப் படிக்கிறாயா? அம்மாவை விசாரித்தேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்.

அத்தை


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் பக்கம் உங்களிடம் இன்னும் இருக்கிறதா? தயவு செய்து அனுப்புங்கள். புத்தகத்தில் வராவிட்டால் போகட்டும், எனக்கு மட்டும் அனுப்புங்கள். அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், தெரிந்துகொண்டதால் யாரும் தூங்காமல் இருப்பதில்லை. ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றால்தான் தூக்கம் வராது. ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பது எங்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பெரியவர்கள் திடீரென்று சிரித்துப் பேசினால் தெரிந்துவிடும். செங்கல் மாமா சிரித்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

காகிதம் கிழிந்துவிட்டது.

தோழி அவள் அப்பாவிடம் கேட்டாள். "அதை நான்தான் கிழிச்சேன். சுவத்துல கண்ட குப்பையையும் ஒட்டி வைக்காதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் அவளுடைய கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். "காத்து வரும்" என்றார்.

முதல் மாடி. கீழே கடை. மேலே ஒருவர் வாடகைக்கு இருக்கிறார்.

சுண்டு


செப்டம்பர் 12

அத்தைக்கு,

பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

புதுக் காகிதம் ஒட்டினேன். இந்தத் தடவை அலமாரிக்குப் பின்னால், யாருக்கும் கை எட்டாத இடத்தில். அதுவும் கிழிந்துவிட்டது. அதை அவளுடைய அப்பா பார்க்கக்கூட இல்லை.

மிஷின் ஓடும்போது சுவரில் கை வைத்தால் உள்ளே யாரோ முனகுவது மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் தைரியமாக எழுதுவேன். இப்போது அது எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறேன்.

தோழியின் அப்பா கெட்டவர் இல்லை அத்தை. வெளியே தெரிந்தால் கடையை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அந்தக் கடையை விட்டால் அவர்களுக்கு வேறொன்றும் இல்லை. அவள் யாரிடமாவது சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் மேலே தையல் அக்கா இருக்கிறார்.

அந்தப் பக்கத்தை அனுப்புங்கள்.

சு.


செப்டம்பர் 15

சுண்டு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அச்சகத்தில் தங்கிவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். உன் கடிதங்கள் இரண்டையும் ஒன்றாக வாசித்தேன். தோழி இல்லை. அது உன் அறை. ஜூலையில் நீ யானைக் கொத்தனாரைப் பற்றிக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அதைப் பதிப்பகத்தில் வாசித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் இல்ல, உன் புத்தகத்தைப் படிச்சுப் பிள்ளை கெட்டுப்போச்சு" என்று அண்ணன் வைத்துவிட்டார். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. பொறியாளரோடு நாளை இரவு ரயில் ஏறுகிறேன். இது விரைவு அஞ்சல், எனக்கு முன்னால் வந்துவிடும். அந்த அறையில் படுக்காதே. தையல்காரப் பெண்ணிடம் சொல். நீ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ கேட்ட பக்கம்:

'சில விரிசல்கள் படிக்கட்டு மாதிரிச் சாய்வாக ஏறும். சுவரின் ஒரு பகுதி கீழே இறங்குகிறது, இன்னொரு பகுதி இறங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு மூட மறுத்தால், கதவு வளரவில்லை, சட்டம் கோணுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்து, விரிசல் பெரிதாகிக்கொண்டும் இருந்தால், கீழே தாங்க வேண்டியது தாங்கவில்லை. அந்த வீட்டில் அதிர்வு தரும் எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது. எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போகக் கூடாது. இப்படிப்பட்ட விரிசலைப் பார்த்தால் உடனே அப்பா அம்மாவிடம் சொல்.'

அத்தை


அக்டோபர் 4

அன்புள்ள அத்தைக்கு,

ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே வாடகை அறையில் நாங்கள் மூவரும் சுகம். அம்மா உங்களை விசாரிக்கச் சொன்னார். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார்.

நீங்கள் வந்திருந்தபோது எப்போதும் யாராவது சுற்றி இருந்தார்கள். அதனால் நீங்கள் வருவதற்கு முந்திய ராத்திரி நடந்ததை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதத்தைத் தையல் அக்கா சாயங்காலம் கொடுத்தார். நான் அவரிடம் உடனே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி மிஷின் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வீடு நடுங்கியதா நான் நடுங்கினேனா, தெரியவில்லை.

"தூங்கலையா நீ?" என்றார் அப்பா.

"மிஷினை நிறுத்துங்கப்பா."

"மாவு பாதியில கிடக்கு. மேல போ."

நான் வாசிக்க ஆரம்பித்தேன். மிஷின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கத்தி வாசித்தேன். 'கதவு வளரவில்லை, சட்டம் கோணுகிறது' என்ற இடத்தில் அப்பா மிஷினை நிறுத்தினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"முதல்லேருந்து வாசி" என்றார்.

வாசித்தேன். முடிந்ததும் அப்பா மாவு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தினார். அதற்குப் பின்னால், கடையைப் பெரிதாக்கச் சுவரை எடுத்துவிட்டு வைத்த இரும்பு உத்தரத்தின் முனை உட்காரும் இடத்தில், பென்சில் கோடுகள் இருந்தன. உத்தரம் இறங்க இறங்க, ஒன்றுக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, அப்பாவின் கையெழுத்தில்.

"அப்போ காகிதத்தை நீங்க கிழிக்கலையா?"

"இல்ல."

"ஏன்பா அப்படிச் சொன்னீங்க?"

"நீ தூங்கணும்னு."

அப்புறம் மாவுக் கையோடு மேலே ஓடினார். அம்மாவை எழுப்பினார். தையல் அக்காவின் கதவைத் தட்டினார். அக்கா ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் கத்திரிக்கோலுமாக இறங்கி வந்தார். "நாளைக்குக் காலையில இது கொடுக்கணும்ணே. வீடு விழுந்தாலும் பட்டன் வெச்சுத்தான் ஆகணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அதனால் அவரே சிரித்தார். அப்புறம் அழுதார்.

தெருவில் நின்றோம். வீடு அப்படியே நின்றது. ஒன்றும் விழவில்லை. எதிர்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து, "என்ன பேக்கரிக்காரரே, குடும்பத்தோட காத்து வாங்கறீங்களா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் ஒரு சின்னச் செங்கல்லாவது விழுந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மறுநாள் உங்கள் பொறியாளர், உத்தரத்தின் ஒரு முனை நொறுங்கிய செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினாரே, அப்போது அப்பா கேட்டது உங்களுக்குக் கேட்டதா? "இன்னும் எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?" அவர், "அது யாருக்கும் தெரியாது" என்றார். அப்பா தூக்கத்தில் அதையே கேட்கிறார்.

சுண்டு


அக்டோபர் 21

என் சுண்டுவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

உன் கடிதத்தைப் பதிப்பாசிரியர் அம்மா மேசையில் வைத்தேன். இந்தத் தடவை வாசித்துக் காட்டவில்லை. அவரே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அச்சை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் திரும்ப வருகிறது. செங்கல் மாமா அந்த அத்தியாயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

திருத்திய அத்தியாயத்தை மறுபடி அச்சுக்குக் கொடுக்க இன்னும் சில நாள் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஏதாவது குறைகிறதா என்று நீ சொல்ல வேண்டும். சங்கடமாக இருந்தால் வேண்டாம்.

அண்ணனிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். நானே சொன்னால் நம்ப மாட்டார்.

அத்தை


நவம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகமே. வீட்டைச் சுற்றி இரும்பு முட்டுகள் நிற்கின்றன. பள்ளிக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. அப்பா இப்போது வேறொருவர் பேக்கரியில் ராத்திரி வேலைக்குப் போகிறார்.

நீங்கள் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். சும்மா சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கத்தை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா. கடைசி வரிதான் குறை" என்றார்.

"என்னப்பா குறை?"

"அப்பா அம்மாகிட்ட சொல்லுன்னு போட்டிருக்கா. சொன்னதுக்கு அப்பா, 'ஒண்ணும் இல்ல, போய்த் தூங்கு'ன்னா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? அதைப் போடலியே."

அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"என்னன்னு போடச் சொல்லட்டும்பா?"

கடைசி வரியின் கீழ் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். நடுவில் ஒரு தடவை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார், நான் அப்படியே எழுதிக்கொண்டேன்:

"வேற ஒரு பெரியவங்ககிட்ட போய்ச் சொல்லு. அவங்களும் கேக்கலைன்னா இன்னொருத்தர்கிட்ட. யாராவது எழுந்து வந்து பார்க்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு."

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"என் பேரைப் போட வேண்டாம்னு அத்தைக்கு எழுது. யார் சொன்னதுன்னு கேட்டா, ஒரு அப்பா சொன்னாருன்னு சொல்லச் சொல்லு."

உங்கள் மருமகள்,
சுண்டு